எச்சரிக்கை விளக்கு அணையவில்லை: கன்வெர்ட்டருக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: ஏற்காடு நாகலூர்ப் பகுதியில் வசிக்கிறேன். ஒரே ஒரு பெட்ரோல் காரைச் சுற்றுலாப் பயணிகளுக்காக நானே ஓட்டிப் பிழைக்கிறேன். மலை ஏறும்போது எஞ்சின் திணறி, எச்சரிக்கை விளக்கு மினுக்கியது. சேலத்தில் ஒரு சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஸ்கேனரில் பி 0303, பி 0420 என்று இரண்டு குறியீடுகள் வந்ததாக ஜாப் கார்டில் எழுதி, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை மாற்றி 58,000 ரூபாய் வாங்கினார்கள். ஒரு வாரத்தில் அதே திணறல். வேறொரு மெக்கானிக் மூன்றாவது சிலிண்டரில் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினார். 3,200 ரூபாயில் சரியாகிவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டால், ‘கம்ப்யூட்டர் காட்டியதைத்தான் மாற்றினோம்’ என்கிறார்கள். பழைய கன்வெர்ட்டரையும் தரவில்லை. மோசடி என்று போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: போலீஸ் புகார் வேண்டாம். மோசடி என்று நிற்க, தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். பழுதைத் தவறாகக் கணித்தது எவ்வளவு பணத்தை விழுங்கியிருந்தாலும், அதை மட்டும் வைத்துக் குற்ற வழக்கு நிற்காது. நீங்கள் போக வேண்டிய இடம் சேலம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். அங்கே உங்கள் வழக்கு வலுவானது. ஆனால் நீங்கள் நினைக்கும் காரணத்துக்காக அல்ல.

உங்கள் கோபமெல்லாம் அவர்கள் மாற்றிய கன்வெர்ட்டரின் மேல் இருக்கிறது. வழக்கின் உயிரோ அவர்கள் தொடாமல் விட்ட 0303 குறியீட்டில் இருக்கிறது. அந்த எண் சொல்வது மூன்றாவது சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்பதை. 0420 சொல்வது கன்வெர்ட்டரின் செயல்திறன் குறைந்திருக்கிறது என்பதை. சிலிண்டரில் எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். அந்தச் சூட்டில் அது கெட்டுப்போகும். விளக்கு நிலையாக எரியாமல் மினுக்குவது இந்த ஆபத்துக்கான எச்சரிக்கைதான். அதனால் இரண்டும் சேர்ந்து வந்தால் முதலில் சிலிண்டரைச் சரிசெய்துவிட்டு, பிறகு 0420 திரும்ப வருகிறதா என்று பார்ப்பதே முறை. மூன்றாவது சிலிண்டரின் காயிலைக் கழற்றி முதலாவதில் மாட்டிப் பார்த்தால், குறியீடு 0301 ஆக மாறுகிறதா என்று சில நிமிடங்களில் தெரிந்துவிடும். மாறினால் குற்றவாளி காயில். மாறாவிட்டால் ஸ்பார்க் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அடுத்தடுத்துத் தேட வேண்டும்.

‘கம்ப்யூட்டர் காட்டியது’ என்ற பதில் எனக்கு உண்மையிலேயே ஆத்திரமூட்டுகிறது. குறியீடு கோளாறு எங்கே தெரிகிறது என்று சொல்லும். எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது. அதைக் கண்டறியத்தான் நீங்கள் கூலி கொடுத்தீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(11)ஆம் பிரிவு, சேவையின் தரத்திலோ அதைச் செய்த விதத்திலோ உள்ள குறையையும் கவனக்குறைவையும் ‘சேவைக் குறைபாடு’ என்கிறது. தங்கள் ஜாப் கார்டிலேயே எழுதிய 0303ஐச் சரிசெய்யாமல் வண்டியை ஒப்படைத்தது அதற்குள் அடங்கும். பழைய கன்வெர்ட்டர் நிஜமாகவே கெட்டிருந்தது என்று அவர்கள் வாதிட்டாலும் இந்தக் குறைபாடு மறையாது. திணறும் எஞ்சினில் புதுக் கன்வெர்ட்டரை மாட்டி, அதையும் அழியவிட்டு அனுப்பினார்கள் என்றுதான் ஆகும்.

சேலத்தின் சமவெளிச் சாலையில் ஓட்டிப் பார்த்துச் சரியாக இருந்தது என்றும் சொல்வார்கள். பலவீனமான காயில் பெரும்பாலும் பாரம் ஏறும்போதுதான் தவறும். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறும் வண்டிக்கு அது அடிவாரம் தாண்டிய பிறகே தெரியலாம். ‘மலை ஏறும்போது திணறுகிறது’ என்று ஜாப் கார்டில் உங்கள் புகார் பதிவாகியிருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால், சமவெளியில் ஓட்டிப் பார்த்தது சோதனையே ஆகாது என்று நாம் சொல்லலாம்.

வாடகை வண்டி என்பதால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்பது அவர்களுடைய அடுத்த வாதமாக இருக்கும். சுயதொழில் செய்து வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று அதே சட்டத்தின் 2(7)ஆம் பிரிவின் விளக்கமே கூறுகிறது. ஒரே வண்டி, ஓட்டுநரும் நீங்களே என்பதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இனி பழைய கன்வெர்ட்டர். அது உங்கள் சொத்து. உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருப்பதால் காயலான் கடையில் நல்ல விலை போகும் பொருள் அது. உங்களுக்கு அதைவிட முக்கியம், அது கெட்டிருந்ததா என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி அதுதான். இப்போது புதியது மாட்டியிருப்பதால் 0420 வராமல் இருப்பது எதையும் நிரூபிக்காது. எனவே இன்றே ஒரு கடிதம் எழுதுங்கள்: பழைய பாகம், ஸ்கேன் அறிக்கை, ஜாப் கார்டு நகல் ஆகியவற்றைப் பதினைந்து நாளில் தர வேண்டும், தொகையையும் திருப்ப வேண்டும் என்று. அஞ்சலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாகத்தை விற்றுவிட்டார்கள் என்றால், அது அவர்களுக்கு எதிராக இருந்திருக்கும் என்று ஊகிக்கும்படி ஆணையத்தைக் கேட்கலாம். பில்லில் ‘எக்ஸ்சேஞ்ச்’ என்று எழுதி விலை கழித்திருந்தால் நிலைமை வேறு. அதைப் பார்க்காமல் கடிதம் அனுப்ப வேண்டாம்.

குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது. ஆணையம் பெரும்பாலும் பிரமாண வாக்குமூலத்தையும் ஆவணங்களையும் வைத்தே தீர்ப்பளிக்கும். காயில் மாற்றிய மெக்கானிக்கிடம் வாக்குமூலம் வாங்குங்கள். அவர் கண்டதையும் செய்ததையும் மட்டும் எழுதட்டும். காயிலை இடம் மாற்றிச் சோதிக்கவில்லை என்றால் சோதித்ததாக எழுதக் கூடாது. கழற்றிய காயிலைத் தூக்கி எறியாதீர்கள். ஸ்கேனர் திரையைக் கைபேசியில் படம் எடுத்திருந்தால், 2023ஆம் ஆண்டு பாரதிய சாக்ஷிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு மின்னணு ஆவணங்களுக்குக் கேட்கும் சான்றிதழோடு இணைப்பது நல்லது.

ஒன்றை நீங்கள் எனக்கு ஒளிக்காமல் சொல்ல வேண்டும்: விளக்கு மினுக்கத் தொடங்கிய பிறகு எத்தனை நாள் ஓட்டினீர்கள்? வாரக்கணக்கில் என்றால், கன்வெர்ட்டர் கெட்டதில் உங்களுக்கும் பங்கு உண்டு என்பார்கள். 58,000 ரூபாய் முழுவதும் கிடைக்காமல் போகலாம். வருமான இழப்புக்கு ரத்தான முன்பதிவுகளின் ஆதாரம் இருந்தால் மட்டும் கேளுங்கள். ஊகத் தொகையைச் சேர்த்தால் உண்மையான கோரிக்கையும் வலுவிழக்கும்.

கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம், இணையவழியிலும் முடியும். அதற்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்து பாருங்கள். சில நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பேச வருகின்றன. ஆனால் அந்தப் பேச்சில் காலத்தை ஓடவிடாதீர்கள்: வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் ஆணையத்தில் புகார் பதிவாகியிருக்க வேண்டும். உங்கள் கணக்கைப் பில் தேதியிலிருந்தே தொடங்குங்கள்.