வளையும் சோலார் பேனல்: ஓட்டு வீட்டுக்காரர்கள் கேட்டவை

கானாடுகாத்தானில் பழைய வளவு வீடு. ஓட்டுக்கு மேல் இரும்புச் சட்டம் போட மனசு வரவில்லை. வளையும் பேனலை அப்படியே ஒட்டிவிடலாமா?

வேண்டாம் அண்ணே. நாட்டு ஓடு மேடும் பள்ளமுமாக இருக்கும், பேனலோ ஒரே பக்கமாக, அதுவும் லேசாகத்தான் வளையும். எப்படியோ ஒட்டிவிட்டாலும் அடியில் காற்று போகாது. பேனலில் போட்டிருக்கும் வாட், உள்ளே வெயிலை மின்சாரமாக்கும் செல் 25 டிகிரியில் இருக்கும்போது அளந்தது. நம்ம ஊர் சித்திரை வெயிலில் காற்றில்லாமல் கிடக்கும் பேனல் 65 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், சிலிக்கான் செல்லில் அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் குறையும் என்று வைத்தால் அங்கேயே 14 சதவீதம் போச்சு. அப்புறம், மழைக்கு முன்னால் ஓடு மாற்ற ஏறுகிறவர் காலை எங்கே வைப்பார்? பின்கட்டில் சிமெண்டுத் தளம் இருந்தால் சாதாரணக் கண்ணாடிப் பேனலை அங்கே போடுங்கள்.

விழும் வெயிலில் 20 சதவீதத்தை மின்சாரமாக்கும் திறன் உள்ளது நல்லதா, 10 சதவீதமே போதுமா?

உங்களிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று சொல்லுங்கள். 1 கிலோவாட்டுக்கு 20 சதவீதப் பேனல் என்றால் சுமார் 54 சதுர அடி, 10 சதவீதம் என்றால் 108. இந்தத் தெருவில் வாசலும் அடுத்த தெருவில் கொல்லையுமாக வீடு வைத்திருப்பவர் அந்த 54 அடியை மிச்சம் பிடிக்கக் காசு கொடுப்பது வீண்.

சிலிக்கானுக்குப் பதிலாகச் சோலார் செல் செய்யும் புதுப் பொருளான பெரோவ்ஸ்கைட் வந்தால் விலை விழுந்துவிடும் என்கிறார்களே? (காரைக்குடி கல்லூரி மாணவி)

சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கிற ஊரிலிருந்து இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். இதன் திறன் 2009-இல் 3.8 சதவீதம், இன்றைக்கு ஆய்வகத்தில் 26-ஐத் தாண்டியாச்சு. சிலிக்கானை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். இதை மை மாதிரி பிளாஸ்டிக் தாளில் பூசி 100, 150 டிகிரியில் உலர்த்தினால் போதும். அதனால்தான் விலை குறையும் என்ற பேச்சு. ஆனால் ஈரம் பட்டால் கெட்டுப்போகும். கண்ணாடி ஈரத்தைத் தடுக்கும், வளையும் பிளாஸ்டிக் தடுக்காது, தடுப்புப் படலம் போட்டால் மிச்சம் பிடித்த காசு அதற்கே போய்விடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பாதி விலை, அதே வாட், ஆனால் 5 வருடம்தான் உழைக்கும், 25 வருடம் உழைக்கும் பேனலோடு பார்த்தால் யூனிட்டுக்கு இரண்டரை மடங்கு செலவு!

அப்படியென்றால் வளையும் பேனல் யாருக்குத்தான்?

எடை தாங்காத இடத்துக்கு. கண்ணாடிப் பேனல் சதுர மீட்டருக்கு 11, 12 கிலோ இருக்கும், இது அதில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. டிபன் வண்டி, வேன், தகரக் கொட்டகை, சரி. என் வேன் கூரையில் நானே ஒன்று ஒட்டினேன். இரண்டாவது கோடையில் ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி கொப்பளித்து, மேல்தாள் மஞ்சளாகிவிட்டது. இப்போது கீழே ஒரு விரல் இடைவெளி விட்டுத்தான் மாட்டுகிறேன்.

கூரை சோலாருக்கு மத்திய அரசு தரும் 78,000 ரூபாய் மானியம் வளையும் பேனலுக்கும் உண்டா?

3 கிலோவாட்டும் அதற்கு மேலும் போடும் வீட்டுக்கு அந்தத் தொகை. செல்லும் பேனலும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும். ஆன்லைனில் வாங்கி ஒட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்.