வேகமில்லாத சர்வும் 23ஆம் இடமும்: டென்னிஸ் வீரர் ரமேஷ் கிருஷ்ணன் குறித்து வாசகர் கேள்விகள்

கேள்வி: 1987இல் சிட்னியில், நாடுகளுக்கிடையே நடக்கும் டேவிஸ் கோப்பைப் போட்டியில் ரமேஷ் கிருஷ்ணன் ஆடிய ஆட்டத்தை என் தந்தையார் இன்றும் வியந்து பேசுகிறார். கிராண்ட்ஸ்லாம் பட்டம் எதுவும் பெறாதவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறீர்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் கேட்கிறான். யார் பக்கம் நியாயம்?
– வாசகர், கே.கே. நகர், மதுரை

பதில்: தங்கள் மகன் சொல்வதில் தகவல் பிழை இல்லை. கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெரிய போட்டிகளுள் பிரெஞ்சு ஓபன், விம்பிள்டன் இரண்டிலும் 1979இல் சிறுவர் ஒற்றையர் பட்டம் வென்ற ரமேஷ், பெரியவர்கள் பிரிவில் காலிறுதியைத் தாண்டியதில்லை. 1981, 1987 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க ஓபனிலும் 1986இல் விம்பிள்டனிலும் அவர் அந்தச் சுற்றோடு நின்றார். ஒற்றையரில் எட்டுப் பட்டங்கள், 1985இல் தரவரிசையில் 23ஆம் இடம் ஆகியவையே அவருடைய உச்சங்கள்.

ஆயினும் என் சாய்வு தங்கள் தந்தையார் பக்கமே. முந்தைய ஆண்டு கோப்பையை வென்ற ஆஸ்திரேலியாவை, அவர்களுடைய புல்தரையிலேயே அரையிறுதியில் சந்தித்தது இந்தியா. முதல் நாளில் ஜான் ஃபிட்ஸ்ஜெரால்டை வென்றிருந்த ரமேஷ், இரு அணிகளும் இரண்டுக்கு இரண்டு என்று சமநிலையில் இருந்தபோது, ஐந்தாவதும் கடைசியுமான ஆட்டத்தில் வாலி மசூரையும் வீழ்த்தினார். அந்த மசூர் லேசுப்பட்டவர் அல்லர். அதே ஆண்டு ஆஸ்திரேலிய ஓபனில் போரிஸ் பெக்கரைத் தோற்கடித்து அரையிறுதி வரை சென்றவர். 1966, 1974 ஆகிய ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியா மூன்றாம் முறையாக இறுதிக்குச் சென்றது அந்த வெற்றியால்தான் (1974இல் நிறவெறி ஆட்சியிலிருந்த தென்னாப்பிரிக்காவுடன் ஆட மறுத்துக் கோப்பையையே விட்டுக்கொடுத்தோம்). கோதன்பர்க்கில் ஸ்வீடன் களிமண் தரையை அமைத்து ஐந்துக்குப் பூஜ்யம் என்று வென்றது வேறு கதை.

கேள்வி: அவருடைய சர்வ் (ஒவ்வொரு புள்ளியையும் தொடங்கிவைக்கும் அடி) மிகவும் மெதுவானது என்கிறார்களே, அதை வைத்துக்கொண்டு எப்படித் தாக்குப்பிடித்தார்?
– வாசகர், மேலூர்

பதில்: மெதுவானது என்பது உண்மைதான், அவர் காலத்து முன்னணி வீரர்களுள் அவ்வளவு மென்மையாகச் சர்வ் போட்டவரைக் காண்பது அரிது. எதிராளி சர்விலேயே இலவசமாகப் பெறும் புள்ளிகளை அவர் ஒவ்வொன்றாக ஆடிச் சம்பாதிக்க வேண்டியிருந்தது. முதல் பத்து இடங்களுக்குள் அவர் நுழைய முடியாமல் போனதற்கு இதையே முதற்காரணமாக நான் கருதுகிறேன்.

ஈடு செய்தது ரிட்டர்ன், அதாவது எதிராளியின் சர்வைத் திருப்பி அடிக்கும் திறன். மட்டையை அதிகம் பின்னிழுக்காமல், பந்து தரையில் பட்டு எழும்போதே அதைச் சந்தித்து, எதிராளியின் வேகத்தையே கடன் வாங்கித் திருப்பி அனுப்புவார். சுழற்சி குறைந்த அந்த அடிகள் புல்தரையில் எழும்பாமல் வழுக்கிச் செல்லும். வேகமான கடினத் தரையிலும் எதிராளிக்கு நிதானிக்க நேரம் தராது. பந்து மெதுவாக உயர்ந்து வரும் களிமண் தரையில் இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்கவில்லை. இவை எல்லாம் ஒருசேரக் கூடிவந்த நாளில் என்ன நடக்கும் என்பதை 1989 ஆஸ்திரேலிய ஓபனின் இரண்டாம் சுற்று காட்டியது. முந்தைய ஆண்டு நான்கு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களுள் மூன்றை வென்று, உலகின் முதலிடத்தில் இருந்த மாட்ஸ் விலாண்டரை அவர் ஒரு செட்டைக்கூட இழக்காமல் வெளியேற்றினார்.

கேள்வி: தந்தை ராமநாதன் கிருஷ்ணன், மகன் ரமேஷ்: இருவரில் பெரியவர் யார்?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: தந்தைதான். நாகர்கோவிலில் பிறந்த அவர், 1954இல் விம்பிள்டன் சிறுவர் பட்டத்தையும், 1960, 1961 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அங்கேயே ஆடவர் அரையிறுதியையும் எட்டினார். தொழில்முறை வீரர்களுக்குக் கிராண்ட்ஸ்லாம் போட்டிகள் திறந்துவிடப்பட்டது 1968இல்தான். தந்தை அவர்கள் இல்லாத களத்தில் ஆடினார் என்பதால், மகன் சந்தித்த நெருக்கடி வேறு வகையானது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

கேள்வி: ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் டென்னிஸ் பழகும் என் மகள் உயரம் குறைவானவள். ரமேஷின் பாணியைப் பழக்கலாமா?
– வாசகி, திருமங்கலம்

பதில்: முழுவதுமாக வேண்டாம் அம்மா. இன்றைய மட்டைகளும் அவற்றில் கட்டும் நரம்புகளும் தரும் வேகத்துக்கு முன்னால், பலவீனமான இரண்டாவது சர்வை (முதல் சர்வ் தவறினால் போடுவது) எதிராளிகள் முதல் ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆகவே சர்வைப் பயிற்சியாளர் சொல்லும் முறையிலேயே அவள் வலுப்படுத்தட்டும். பந்தை எழும்போதே சந்திப்பதையும், அதற்கேற்பக் கால்களை முன்கூட்டியே நகர்த்துவதையும் மட்டும் ரமேஷிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு உயரம் தேவையில்லை. பயிற்சி நேரத்தில் ஒரு பகுதியை ரிட்டர்னுக்கென்றே ஒதுக்கித் தருமாறு பயிற்சியாளரிடம் கேளுங்கள்.