கோப்புப் பதிவேற்றத்தில் வரும் ஓட்டைகள்: கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கள் வேலைவாய்ப்புத் தளத்தில் பிடிஎஃப் ரெஸ்யூம் மட்டும்தான் வாங்குகிறோம். பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் சோதனை இருக்கிறது, சர்வரில் கன்டென்ட்-டைப்பையும் (கோப்போடு வரும் வகைக் குறிப்பு) பார்க்கிறோம். போதுமா?

பதில்: போதாது. இரண்டுமே அனுப்புகிறவர் கையில் இருப்பவை. பர்ப் சூட் போன்ற ப்ராக்ஸியை (கோரிக்கையை இடைமறித்து மாற்ற உதவும் கருவி) நடுவில் வைத்து, சர்வரில் நிரலாக ஓடக்கூடிய ஒரு பிஎச்பி கோப்புக்கு 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று எழுதி அனுப்பிவிடலாம். பிஎச்பி தரும் 'டைப்' மதிப்பும் அப்படி வந்ததுதான். பிஎச்பி அதைச் சரிபார்ப்பதில்லை. சர்வரில் கடைசி எக்ஸ்டென்ஷனை எடுத்துச் சிற்றெழுத்தாக்கி, அனுமதிப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பிறகு பிஎச்பியின் ஃபைல்இன்ஃபோ வசதி கொண்டு உள்ளடக்கத்தின் வகையைப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிஎச்பி எக்ஸ்டென்ஷனைத் தடுத்துவிட்டோம். அப்புறம் என்ன பயம்?

பதில்: பிஎச்டிஎம்எல், பிஎச்ஏஆர், பிஎச்பி5 எல்லாம் சர்வர் அமைப்பைப் பொறுத்து ஓடக்கூடியவை. அதைவிட மோசம், டாட்-எச்டிஆக்சஸ் (அப்பாச்சி சர்வரில் ஃபோல்டர் அளவிலான அமைப்புக் கோப்பு) கோப்பையே ஏற்றிவிட்டால் 'ஜேபெக்கையும் பிஎச்பியாக ஓட்டு' என்று சர்வருக்கே கட்டளையிடலாம். மைக்ரோசாஃப்ட்டின் ஐஐஎஸ் சர்வரில் வெப்.கான்ஃபிக் கோப்பால் இதே ஆபத்து. தடைப் பட்டியல் எப்போதும் ஒன்றை விட்டுவிடும். அனுமதிப் பட்டியலுக்கு மாறுங்கள்.

கேள்வி: அண்ணா, படத்தின் அளவைப் படிக்கும் பிஎச்பியின் கெட்இமேஜ்சைஸ் சோதனையில் தேறிவிட்டால் அது படம்தானே?

பதில்: முழுப் படமாகவே இருந்தாலும் அதன் எக்ஸிஃப் (கேமரா, தேதி போன்ற விவரங்கள்) குறிப்புப் பகுதியில் பிஎச்பி நிரல் உட்கார்ந்திருக்கலாம். பெயர் பிஎச்பியில் முடிந்தால் சர்வர் படத்தின் பைட்டுகளை அப்படியே வெளியே கொட்டிவிட்டு, நிரல் வரும் இடத்தில் அதை ஓட்டும். பிஎச்பியின் ஜிடி பட நூலகத்தால் படத்தை மறுபடி உருவாக்கினால் எக்ஸிஃப் போய்விடும். ஆனால் மறு உருவாக்கத்தையும் தாண்டி நிற்கும்படி பிஎன்ஜி பிக்சல்களிலேயே நிரலை ஒளிக்கும் வழி உண்டு. அதனால் இதை மட்டும் நம்ப வேண்டாம். பெயரையும் எக்ஸ்டென்ஷனையும் நீங்களே தீர்மானியுங்கள். இன்னொன்று: மறு உருவாக்கத்துக்கு முன் அகல உயரத்தைப் பாருங்கள். 20,000 × 20,000 பிக்சல் படம் டிஸ்க்கில் சிறிதாக இருக்கலாம், பிக்சலுக்கு 4 பைட் என்றால் நினைவகத்தில் 1.6 ஜிபி.

கேள்வி: அப்லோட்ஸ் ஃபோல்டரில் எச்டிஆக்சஸ் போட்டு பிஎச்பி ஓடாமல் செய்திருக்கிறேன். நிம்மதியாக இருக்கலாமா?

பதில்: இந்த நம்பிக்கையில்தான் ஏராளமான தளங்கள் திறந்து கிடந்தன. ஜேக்வெரி ஃபைல் அப்லோட் என்ற புகழ்பெற்ற நிரலின் பிஎச்பி பகுதி எந்த வகைக் கோப்பையும் ஏற்றது. காவலுக்கு எச்டிஆக்சஸ் மட்டும் இருந்தது. அப்பாச்சி 2.3.9 பதிப்பிலோ, எச்டிஆக்சஸை ஏற்பதா என்று தீர்மானிக்கும் அலவ்ஓவர்ரைட் அமைப்பு இயல்பாகவே 'நன்' (எதையும் ஏற்காதே) ஆகிவிட்டது. அதாவது எச்டிஆக்சஸை சர்வர் படிப்பதே இல்லை. எச்டிஆக்சஸ் கோப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, காவல் மட்டும் சத்தமில்லாமல் போய்விட்டது. அக்காமை நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வாளர் லாரி கேஷ்டாலர் 2018இல் இதை வெளிக்கொண்டு வந்தார். பாதுகாப்பு ஓட்டைகளுக்கான சிவிஇ பட்டியலில் சிவிஇ-2018-9206 என்ற எண்ணில் பதிவானது.

நான் முதலில் செய்யச் சொல்வது, கோப்புகளை வெப் ரூட்டுக்கு (பிரவுசரால் நேரடியாகத் திறக்கக்கூடிய ஃபோல்டர்) வெளியே வைப்பது. 16 ரேண்டம் பைட்டுகளை ஹெக்ஸாக்கினால் 32 எழுத்துப் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரில் சேமியுங்கள். பயனர் கொடுத்த பெயர் டேட்டாபேஸில் இருக்கட்டும். பதிவிறக்கம் உங்கள் நிரல் வழியாக, உரிமை பார்த்த பிறகு நடக்கட்டும்.

அதற்கு வழியில்லை என்றால் தடையைச் சர்வரின் மூல அமைப்பில் எழுதுங்கள். எஞ்ஜின்எக்ஸ் சர்வரில் அப்லோட்ஸுக்கான லொகேஷன் பிளாக்கில் ^~ குறி அவசியம். அது இல்லாவிட்டால் பிஎச்பிக்கான ரெஜெக்ஸ் (பெயர் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) பிளாக் முந்திக்கொள்ளும். அப்பாச்சியில் எக்ஸ்டென்ஷனைப் பார்த்து பிஎச்பியை ஓட்ட ஆட்ஹேண்ட்லர் கட்டளையைப் பயன்படுத்தியிருந்தால் 'படம்.பிஎச்பி.ஜேபிஜி' கூட ஓடக்கூடும்; பெயரின் முடிவை மட்டும் பார்க்கும் ஃபைல்ஸ்மேட்ச், செட்ஹேண்ட்லர் இணைக்கு மாற்றுங்கள்.

சோதிப்பது எளிது. 7 × 7 கணக்கின் விடையை அச்சிடும் ஒரு வரி பிஎச்பி கோப்பை அந்த ஃபோல்டரில் நீங்களே வைத்து பிரவுசரில் திறங்கள். 49 வந்தால் நிரல் ஓடுகிறது. 403 (அனுமதி மறுப்பு) வந்தால் சரி. பார்த்ததும் அழித்துவிடுங்கள். சர்வர் பதிப்பு மாறும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்யுங்கள்.

கேள்வி: எஸ்விஜி லோகோக்களை ஏற்கலாமா?

பதில்: முடிந்தவரை வேண்டாம். எஸ்விஜி என்பது எக்ஸ்எம்எல். அதற்குள் ஸ்கிரிப்ட் வைக்கலாம். நேரடியாகத் திறந்தால் உங்கள் டொமைனிலேயே ஓடும். ஏற்றே ஆகவேண்டுமென்றால் தனி டொமைனில் வைத்து, பதிலின் தலைப்புகளில், கன்டென்ட்-டிஸ்பொசிஷனில் 'அட்டாச்மென்ட்' (திறக்காமல் பதிவிறக்கு) என்றும், எக்ஸ்-கன்டென்ட்-டைப்-ஆப்ஷன்ஸில் 'நோஸ்னிஃப்' (வகையை ஊகிக்காதே) என்றும் அனுப்புங்கள்.

கேள்வி: ஜாவாவில் ஜிப்பை வாங்கி சர்வரில் பிரிக்கிறோம். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: ஜிப்புக்குள் இருக்கும் பெயர்களில் '../' இருந்தால் கோப்பு ஃபோல்டரைத் தாண்டிப்போய் விழும். 2018இல் ஸ்னிக் என்ற பாதுகாப்பு நிறுவனம் ஜிப் ஸ்லிப் என்ற பெயரில் வெளியிட்டது இதைத்தான். ஜாவாவில்தான் அதிகம் காணப்பட்டது. ஒவ்வொரு பெயரையும் இலக்கு ஃபோல்டரோடு சேர்த்து, கெனானிக்கல் பாதையாக்கி ('../' எல்லாம் நீக்கிய முழுப் பாதை), அது இலக்கு ஃபோல்டரில் தொடங்குகிறதா என்று பாருங்கள். ஃபோல்டர் பெயருக்குப் பின் பிரிகுறியையும் சேர்த்தே ஒப்பிடுங்கள். இல்லையென்றால் 'டேட்டா'வுக்கான சோதனையில் 'டேட்டா2'வும் தேறிவிடும். ஜிப்பின் தலைப்புப் பகுதி சொல்லும் கோப்பு அளவை நம்பாமல், பிரிக்கும்போதே பைட்டுகளை எண்ணி எல்லை தாண்டினால் நிறுத்துங்கள்.

கேள்வி: வேர்ட்பிரஸ் அப்லோட்ஸ் ஃபோல்டரில் தெரியாத பிஎச்பி கோப்பு கிடக்கிறது. அழித்தால் போதுமா?

பதில்: உடனே அழிக்காதீர்கள். முதலில் அந்தக் கோப்பையும் ஆக்சஸ் லாகையும் பிரதி எடுத்து வையுங்கள். லாகில் அந்தக் கோப்புக்கு வந்த முதல் கோரிக்கைக்குச் சற்று முன் எந்தப் ப்ளகினுக்கு போஸ்ட் கோரிக்கை (தரவு அனுப்பும் வகை) வந்தது என்று தேடுங்கள், நுழைந்த வழி பெரும்பாலும் அதுதான். 2020இல் ஃபைல் மேனேஜர் ப்ளகினில், அது பயன்படுத்திய எல்ஃபைண்டர் நூலகத்தின் மாதிரிக் கோப்பு ஒன்று லாகின் கேட்காமலேயே பதிவேற்றத்தை ஏற்றது, 6.9 பதிப்பில்தான் அடைத்தார்கள். கோப்பின் மாற்ற நேரத்தை நம்பாதீர்கள், டச் கட்டளையால் அதை மாற்றலாம். சிடைமைப் (கோப்பின் விவரங்கள் கடைசியாக மாறிய நேரம்) பாருங்கள். சில ப்ளகின்கள் காலியான இண்டெக்ஸ்.பிஎச்பி வைக்கும், அது பயமில்லை. வழியை அடைத்த பிறகு, வேர்ட்பிரஸின் கட்டளைவரிக் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் செக்சம் சோதனையை (கோப்புகள் அசலோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது) கோர், ப்ளகின் இரண்டுக்கும் ஓட்டுங்கள். டேட்டாபேஸ் கடவுச்சொல்லையும் டபிள்யூபி-கான்ஃபிக்கில் உள்ள சால்ட் மதிப்புகளையும் (லாகின் குக்கிகளைச் சரிபார்க்க உதவும் ரகசியச் சரங்கள்) மாற்றுங்கள். சால்ட் மாறாவிட்டால் திருடிய குக்கியோடு ஊடுருவியவர்கள் அட்மினாகவே திரும்ப வரமுடியும்.