பால் கெட்டுப்போனால் எங்கே போகிறது?

அன்புள்ள தங்கைக்கு,

மருத்துவப் பணியாளர்களுக்கான ஆங்கிலத் தேர்வான ஓ.இ.டி.யில் பி தரம் பெற்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனைக்கு வந்து இரண்டு மாதம் ஆன பிறகும் நோயாளிகள் பேசுவது பாதிதான் விளங்குகிறது என்றும், ‘கம்’, ‘கோ’, ‘புட்’ போன்ற சின்னஞ்சிறு வினைகளே ‘அப்’, ‘ஆஃப்’ போன்றவற்றோடு சேர்ந்து வந்து காலை வாரிவிடுகின்றன என்றும், இந்தச் சேர்க்கைகளின் பட்டியல் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்யலாமா என்றும் கேட்டிருக்கிறாய். பட்டியல் வேண்டாம் என்பதே இதே ஊரில் 18 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கும் என் கருத்து.

நான் வந்த முதல் குளிர்காலத்தில், எண்பது வயதைக் கடந்த ஒரு முதியவர் ‘ஐ ஹேவ் கான் ஆஃப் மை டீ’ என்றார். ‘கோ ஆஃப்’ என்றால் கெட்டுப்போவது என்று படித்திருந்த நான், பாலில்தான் ஏதோ கோளாறு என்று எண்ணி, கோப்பையில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வடக்கு இங்கிலாந்தில் பலருக்கு ‘டீ’ என்பது மாலைச் சாப்பாடு என்பதையும், ஒன்றின் மீதுள்ள நாட்டம் விட்டுப்போவதையும் ‘கோ ஆஃப்’ என்றே சொல்வார்கள் என்பதையும், உணவுக் குறிப்பைப் புரட்டிப் பார்த்த மூத்த செவிலியர் சொல்லித்தான் அறிந்துகொண்டேன். அந்த மனிதர் இரண்டு நாளாக மாலைச் சாப்பாட்டைத் தொடவே இல்லை.

இதற்காக ஆங்கிலத்தை நொந்துகொள்ளாதே. பால் கெட்டுப்போனது என்று நாமும்தான் சொல்கிறோம். அந்தப் பால் எங்கே போயிற்று? கண்டுபிடிப்பவர் கையால் எதையும் பிடிப்பதில்லை. ‘பார்த்துக்கொள்’ என்று குழந்தையை ஒப்படைத்துவிட்டுப் போகும் தாய், அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வதும் இல்லை. ‘லுக் ஆஃப்டர்’ என்பது அதே பார்த்துக்கொள்வதுதான். ‘புட் ஆஃப்’ நம் தள்ளிப்போடுவதேதான். நம் மொழியில் இரண்டாவது வினை செய்யும் வேலையை அவர்கள் மொழியில் ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ ஆகிய குட்டிச் சொற்கள் செய்கின்றன. ‘டிரிங்க் அப்’ என்று ஒருவர் மருந்தை நீட்டும்போது, அந்த ‘அப்’புக்கு ‘மேலே’ என்று பொருள் தேடாமல், ‘குடித்துவிடுங்கள்’ என்பதில் வரும் ‘விடு’வாக அதைக் கொண்டால் போதும். 1755இல் தம் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன்கூட, அயல்நாட்டவருக்குப் பெரும் இடர் தருவது இந்த வகைச் சேர்க்கையே என்று அதன் முன்னுரையில் எழுதியிருக்கிறார்.

நாம் பள்ளியில் கற்றவை ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’ போன்ற ஏட்டுச் சொற்கள் என்பதால், மருத்துவர் எழுதும் கடிதம் விளங்கும்; படுக்கையில் இருப்பவர் பேச்சு விளங்காது. ‘துரோ அப்’ என்றால் வாந்தி எடுப்பது, ‘வேர் ஆஃப்’ என்றால் வலிமருந்தின் வேகம் தணிவது, ‘கம் ரவுண்ட்’ என்றால் மயக்கம் தெளிவது. ‘பிரிங் அப்’ என்று யாராவது சொன்னால் மட்டும், வந்தது சளியா வாந்தியா என்று கேட்காமல் குறிப்பில் எழுதிவிடாதே. பிள்ளை வளர்ப்பதற்கும் பேச்சை எடுப்பதற்கும்கூட அதே சொல்தான்.

இன்னொன்றில் நீ மிகவும் விழிப்பாக இருக்க வேண்டும். நம் ஊரில் படித்து முடித்ததை ‘பாஸ் அவுட்’ என்கிறோம். நானும் நேர்முகத் தேர்வில் அப்படிச் சொல்லி, ‘இப்போது உடம்பு எப்படி இருக்கிறது?’ என்று கேட்கப்பட்டவள்தான். இங்கே அது மயங்கி விழுவது. ‘பாஸ் அவே’ என்பதோ இறந்துபோவது. உறவினரிடம் தொலைபேசியில் பேசும்போது இவ்விரண்டில் ஒன்று மாறினால் என்னவாகும் என்று எண்ணிப் பார். எனக்கு நா தடுமாறும் நாட்களில் ‘ஃபெயின்ட்’ என்ற பழைய சொல்லையே சொல்லிவிடுவேன். அதில் குறை ஒன்றும் இல்லை.

சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள். தனிச் சொல்லை எழுதாமல், கேட்ட வாக்கியத்தை முழுதாக, சொன்னவர் என்ன நிலையில் இருந்தார் என்பதோடு எழுதி, பக்கத்தில் அதற்கு நிகரான நம் கூட்டுவினையைக் குறித்து வை. நிகர் கிடைக்காதவற்றை, அடுத்த முறைக்காரரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் ஹேண்டோவர் முடிந்ததும் உடன் பணிபுரிபவரிடம் கேள். நான் கேட்ட எவரும் இதுவரை முகம் சுளித்ததில்லை.