21 எப்படி 18 ஆனது?

கேள்வி: ஓட்டுப் போட 21 வயது ஆக வேண்டும் என்று முதலில் எதற்கு வைத்தார்கள்? அது 18-க்கு இறங்கியது எப்படி?

பதில்: 21 இங்கிலாந்தின் பழைய சட்டத்திலிருந்து வந்த எண். அங்கே ஒருவன் சொத்தைத் தன் பொறுப்பில் வாங்கிக்கொள்ளும் வயது அது; அதையே ஓட்டுக்கும் ஒட்டவைத்தார்கள். அதை அசைத்தது பெரும்பாலும் போர்தான். 1918-ல் பிரிட்டனில் வந்த சட்டத்தைப் பாருங்கள்: ஆண்களுக்கு 21, போருக்குப் போய் வந்தவன் என்றால் 19 போதும், பெண்களுக்கோ 30, அதுவும் சொத்து நிபந்தனையோடு! பெண்களுக்கும் 21 என்று ஆக இன்னும் பத்து வருஷம் ஆனது.

அமெரிக்கக் கதை இன்னும் சுவாரசியம். 1942-லேயே 18 வயதுப் பையன்களைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கச் சட்டம் வந்துவிட்டது, ஆனால் ஓட்டுக்கு 21 தான். வியட்நாம் போர் நடந்தபோது 'சுடத் தெரிந்தவனுக்கு ஓட்டுப் போடத் தெரியாதா' என்ற கேள்வி பெரிதாகி, 1970-ல் எல்லாத் தேர்தலுக்கும் 18 என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. உச்ச நீதிமன்றம் அதைப் பாதி மட்டும் ஏற்றது: ஜனாதிபதி, நாடாளுமன்றத் தேர்தலுக்குச் செல்லும், மாநிலத் தேர்தலுக்குச் செல்லாது. விளைவு? ஒரே சாவடியில் ஒரே நாளில் 18 வயதுப் பையன் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடலாம், கவர்னருக்குப் போட முடியாது. அதற்குத் தனி வாக்காளர் பட்டியல், தனி வாக்குச்சீட்டு, தனிச் செலவு. மாநிலங்கள் அலறிவிட்டன. 1971 மார்ச்சில் அரசியல் சட்டத் திருத்தத்தை அனுப்பினார்கள், ஜூலை 1-ம் தேதிக்குள் தேவையான 38 மாநிலங்களும் சம்மதித்துவிட்டன. அந்த நாட்டில் இவ்வளவு வேகமாக நிறைவேறிய திருத்தம் வேறு இல்லை. இளைஞர்கள் மேல் வந்த பாசமா, இரண்டு பட்டியல் எழுதும் தலைவலியா என்று கேட்டால், நான் தலைவலிக்குத்தான் அதிக மார்க் போடுவேன்.

கேள்வி: இந்தியப் பெண்கள் சண்டை போடாமலே ஓட்டுரிமை வாங்கிவிட்டார்கள் என்கிறாரே என் நண்பர்?

பதில்: அவரிடம் 1917 டிசம்பரைப் பற்றிச் சொல்லுங்கள். சரோஜினி நாயுடு உள்ளிட்ட பெண்கள் குழு ஒன்று, சென்னைக்கு வந்திருந்த, இந்தியாவுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் மாண்டேகுவிடம் நேரில் போய் ஓட்டுரிமை கேட்டது. லண்டன் முடிவெடுக்காமல் மாகாணங்களின் தலையில் கட்டிவிட்டது. 1921-ல் சென்னை மாகாணம்தான் முதலில் கொடுத்தது, அதுவும் சொத்து உள்ள பெண்களுக்கு மட்டும். எல்லோருக்கும் என்று ஆனது அரசியல் சட்டம் வந்த பிறகுதான்.

அப்புறமும் ஒரு சிக்கல். 1951-52 முதல் தேர்தலுக்குப் பட்டியல் எடுக்கப் போனவர்களிடம், முக்கியமாக வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் பெயர் சொல்ல மறுத்தார்கள். 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய மகள்' என்றுதான் பதிவானது. சொந்தப் பெயர் இல்லாமல் பட்டியலில் இடம் இல்லை என்று தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். பெயரைச் சொல்ல அவகாசமும் கொடுத்தார்கள். அப்படியும் ஏறக்குறைய 28 லட்சம் பேர் விடுபட்டார்கள். அது கடுமைதான், ஆனாலும் எனக்கு அவர் செய்தது சரி என்றே படுகிறது.

கேள்வி: பெண்களுக்கு ஓட்டு கொடுக்க ரொம்ப இழுத்தடித்த பணக்கார நாடு ஏதாவது உண்டா?

பதில்: சுவிட்சர்லாந்து. தேசிய அளவில் 1971. அங்கே அப்பென்செல் இன்னர்ரோடன் என்று ஒரு குட்டி மாநிலம், ஆண்கள் இடுப்பில் வாளோடு சதுக்கத்தில் கூடிக் கை தூக்கி ஓட்டுப் போடுவார்கள், வாள்தான் அடையாளச் சீட்டு மாதிரி. 1990 ஏப்ரலிலும் கை தூக்கிப் பெண்களுக்கு ஓட்டு வேண்டாம் என்றார்கள். அந்த நவம்பரில் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி முடித்துவைத்தது.

கேள்வி: 16 வயதில் எங்காவது ஓட்டு உண்டா?

பதில்: உண்டு. ஆஸ்திரியாவில் 2007-ல் வந்தது. பிரேசிலில் 1988 முதல் 16, 17 வயதுக்காரர்கள் விருப்பம் இருந்தால் போடலாம், 18 ஆனதும் கட்டாயம்.

கேள்வி: நம் நாட்டில் 18 வயதில் ஓட்டு இருக்கிறதே, தேர்தலில் நிற்கலாமா?

பதில்: முடியாது. 1989-ல் அமலுக்கு வந்த 61-வது திருத்தம் ஓட்டுப் போடும் வயதை மட்டும்தான் இறக்கியது. லோக்சபாவுக்கும் சட்டசபைக்கும் நிற்க 25, ராஜ்யசபாவுக்கு 30. பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க வேண்டுமானால், நம் பழைய 21 தான்.