ஹெலிகாப்டர் வாய்மொழித் தேர்வுக்கு ஐசிங், எலக்ட்ரிக்கல் இரண்டையும் எப்படிப் படிப்பது?

கேள்வி கேட்டவர் அமெரிக்க ராணுவத்தில் பிளாக் ஹாக் (யுஎச்-60) ஹெலிகாப்டர் ஓட்டப் படிக்கிறார். சிஸ்டம்ஸ் வாய்மொழித் தேர்வு நெருங்குகிறது, ஐசிங் (பறக்கும்போது பனி பிடிப்பது), எலக்ட்ரிக்கல் என்ற இந்த இரண்டு பாடமும் மனதில் நிற்கவில்லை என்கிறார். நானும் அதே ஹெலிகாப்டரில் படித்து, இப்போது புதியவர்களைத் தேர்வுக்குத் தயார் செய்பவன். நான் சொல்வது யுஎச்-60ஏ, எல் மாடல்களுக்கு மட்டும்.

மேனுவலில் ஐந்தாம் அத்தியாயம் (லிமிட்ஸ்), ஒன்பதாம் அத்தியாயம் (எமர்ஜென்சி) இரண்டும் மனப்பாடம்தான், வேறு வழியே கிடையாது. சிஸ்டம்ஸ் வரும் இரண்டாம் அத்தியாயத்தை அப்படி உருப்போட்டால் இரண்டு கேள்வி தாங்கும், மூன்றாவதில் மாட்டிக்கொள்வீர்கள். ஐசிங்கையும் எலக்ட்ரிக்கலையும் தனித்தனிப் பாடமாகப் பிரித்துப் படிப்பதுதான் சிக்கலே. பிளாக் ஹாக்கில் ஐசிங் பற்றிய கேள்வி பெரும்பாலும் கரண்ட் பற்றிய கேள்விதான்.

முதலில் எது சூடான காற்றில் வேலை செய்கிறது, எது கரண்டில் என்று பிரித்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கும் அதன் காற்று நுழைவாய்க்கும் கம்ப்ரஸரிலிருந்து எடுக்கும் சூடான காற்று. விண்ட்ஷீல்ட், பிட்டோ குழாய் (பறக்கும் வேகத்தை அளக்க உதவுவது), ரோட்டர் பிளேடு எல்லாம் கரண்ட். எஞ்சின் ஆன்டி-ஐஸ் (பனி சேராமல் தடுப்பது) வால்வை மூடி வைப்பதற்குத்தான் கரண்ட் வேண்டும். கரண்ட் மொத்தமாகப் போனால் வால்வு தானே திறந்துகொள்ளும். எஞ்சினுக்குள் பனி சேராது. ஆனால் அந்தக் காற்று எஞ்சினிலிருந்துதான் போகிறது என்பதால் கிடைக்கும் பவர் குறையும். "முழு எலக்ட்ரிக்கல் ஃபெயிலியர், உன் டார்க் என்ன ஆகும்?" என்று தேர்வில் கேட்டால் (டார்க் என்பது எஞ்சின் தரும் முறுக்கு விசை, பவரை அதை வைத்துத்தான் பார்ப்போம்) இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

அடுத்தது ஜெனரேட்டர். மெயின் ஜெனரேட்டர் இரண்டு, ஒவ்வொன்றும் 30/45 கேவிஏ, 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். மூன்றாவது ஏபியு (தனியாக ஓடும் சின்னத் துணை எஞ்சின்) ஜெனரேட்டர், 20/30 கேவிஏ. "மேகத்துக்குள் ஒன்றாம் எஞ்சின் நின்றுவிட்டது, எந்த ஜெனரேட்டர் போகும்?" என்று கேட்டால் நிறைய பேர் "ஒன்றாவது" என்று சட்டென்று சொல்லிவிடுகிறார்கள். எதுவும் போகாது! ஜெனரேட்டர்களைச் சுழற்றுவது நேரடியாக எஞ்சின் அல்ல, ரோட்டரோடு இணைந்த கியர்பாக்ஸான மெயின் டிரான்ஸ்மிஷன். நின்றுபோன எஞ்சினை ஃப்ரீவீல் யூனிட் கழற்றிவிடும்; ரோட்டர் போதிய வேகத்தில் சுற்றும் வரை இரண்டு ஜெனரேட்டரும் ஓடும். இது ஒன்று புரிந்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

இப்போது எஞ்சின் அல்ல, ஒரு ஜெனரேட்டரே போகிறது என்று வையுங்கள். வெளியே பனி பிடிக்கிறது. பிளேடு டீ-ஐஸ் (சேர்ந்த பனியை உதிர்ப்பது) வேண்டுமானால் ஏபியு ஜெனரேட்டரை இணைத்தாக வேண்டும், மிச்சமுள்ள ஒரு மெயின் மட்டும் போதாது. இரண்டு மெயினும் போய் ஏபியு மட்டும் மிஞ்சினால் பிளேடு டீ-ஐஸை மறந்துவிடுங்கள். அந்த நிலையில் பேக்கப் பம்ப் (கரண்டில் ஓடும் மாற்று ஹைட்ராலிக் பம்ப்) ஓடும்போது விண்ட்ஷீல்ட் ஆன்டி-ஐஸும் வேலை செய்யாது. இதையெல்லாம் பட்டியலாகப் படிக்காதீர்கள். ஒரு வெள்ளைத் தாளில் மூன்று ஜெனரேட்டரையும் வரைந்து, ஒவ்வொன்றாக அடித்துவிட்டு, "இனி எனக்கு என்ன மிச்சம்?" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல பயிற்சி இல்லை.

பிளேடுக்கு ஏன் இவ்வளவு கரண்ட்? எல்லா பிளேடையும் எந்நேரமும் சூடாக்கக் கட்டுப்படியாகாது. அதனால் கொஞ்சம் பனி சேரவிட்டு, பிளேடோடு ஒட்டியிருக்கும் அடிப்பக்கத்தை மட்டும் இளக்கினால், மீதியைச் சுழற்சியே வீசி எறிந்துவிடும். மெயின் ரோட்டரில் எதிரெதிர் பிளேடுகள் ஜோடியாகத்தான் சூடாகும்; ஒரு பக்கம் மட்டும் பனி உதிர்ந்தால் ஹெலிகாப்டர் உதறும். எவ்வளவு நேரம் சூடாக்குவது என்பதை வெளி வெப்பநிலை தீர்மானிக்கிறது: குளிர் கூடினால் நேரமும் கூடும். எவ்வளவு நேரம் விட்டுவைப்பது என்பதைக் காற்றிலுள்ள நீரின் அளவு தீர்மானிக்கிறது: நீர் அதிகமானால் பனி சீக்கிரம் சேரும், அடுத்த சுற்றும் சீக்கிரம் வரும். இந்த இரண்டையும் மாற்றிச் சொல்பவர்கள் ஏராளம். காரணத்தோடு படித்தால் மாறாது.

நீரின் அளவை அளக்கும் டிடெக்டரில் அதிர்ந்துகொண்டே இருக்கும் ஒரு சின்ன முனை உண்டு. பனி ஒட்டினால் அதிர்வெண் மாறும், அதை வைத்துத்தான் காக்பிட்டில் ஐசிங் ரேட் மீட்டர் முள் ஏறுகிறது. ஆனால் மீட்டரை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கண்ணுக்கு நேரே இருக்கும் வைப்பர் கையைப் பாருங்கள், பனி அங்கேயே தெரியும். டார்க்கையும் பாருங்கள். பனிக்குள் நுழையும் முன் அதே வேகத்துக்குத் தேவைப்பட்டதைவிட 20% கூடிவிட்டால், அங்கிருந்து வெளியேற வேண்டும் அல்லது சீக்கிரம் இறங்க வேண்டும். ஏனென்றால் இரண்டு எஞ்சினும் நின்றால், பனி பிடித்த அந்த ரோட்டர் ஆட்டோரொட்டேஷனில் (எஞ்சின் இல்லாமல், காற்றே ரோட்டரைச் சுழற்ற இறங்குவதில்) வழக்கமான வேகத்தைப் பிடிக்காமல் போகலாம். 20 என்ற எண்ணைச் சொல்லி நிறுத்திக்கொள்பவரிடம் "ஏன்?" என்று நான் கட்டாயம் கேட்பேன். உங்களிடமும் கேட்பார்கள்.