பழைய பி.எஸ்.ஏ.வுக்கு ரெகுலேட்டர் மாற்றச் சொல்கிறார்களா? முதலில் எர்த் ஒயரைப் பாருங்கள்

கேள்வி: தாத்தா ஓட்டிய 1954 மாடல் பி.எஸ்.ஏ. பி31 பைக் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆர்.சி. புத்தகம் பழைய மெட்ராஸ் எண்ணோடு அப்படியே உள்ளது. போன வருடம் ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங் போட்டு, ஒயரிங்கையும் புதிதாக மாற்றினோம். அதற்குப் பிறகு வேகம் கூட்டினால் ஹெட்லைட் பளீரென்று எரிந்து பல்ப் போய்விடுகிறது. பேட்டரியில் தண்ணீரும் சீக்கிரம் வற்றுகிறது. ரெகுலேட்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். ஒரு ஸ்பேர் வியாபாரி ‘ஒரிஜினல் லூகாஸ்’ (அந்தக் காலத்து வண்டிகளுக்கு மின்கருவிகள் செய்த இங்கிலாந்து கம்பெனி) என்று 14,000 ரூபாய் கேட்கிறார். அது வேண்டாமென்றால் இப்போதைய பைக்கின் ரெகுலேட்டரை 600 ரூபாய்க்கு மாட்டி 12 வோல்ட் ஆக்கிவிடலாம், விண்டேஜ் நம்பரும் வாங்கித் தருகிறேன் என்கிறார். எதைச் செய்வது? – வாசகர், கோவை.

பதில்: இரண்டையும் செய்யாதீர்கள். பவுடர் கோட்டிங் போட்ட பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

உங்கள் வண்டி 6 வோல்ட். அதில் எஞ்சினோடு சுழன்று கரண்ட் தயாரிப்பது டைனமோ. எஞ்சின் வேகம் ஏற ஏற அதன் வோல்ட்டேஜும் ஏறிக்கொண்டே போகும். அளவு தாண்டும்போது டைனமோவின் ஃபீல்டு காயிலுக்கு (காந்தத்தை உண்டாக்கும் கம்பிச்சுருள்) போகும் கரண்டைக் குறைத்து அடக்கிவைப்பதுதான் ரெகுலேட்டரின் வேலை. மேல்தொட்டி நிரம்பியதும் தண்ணீரை நிறுத்தும் மிதவை வால்வு மாதிரி. கறுப்பு மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இரண்டு காயில்கள் நிற்கும். ஒன்று வோல்ட்டேஜைக் கட்டுப்படுத்துகிறது. மற்றது கட்-அவுட், வண்டி நிற்கும்போது பேட்டரி கரண்ட் திரும்ப டைனமோவுக்குள் ஓடிவிடாமல் தடுக்கிறது.

இந்தப் பெட்டியில் எஃப், ஏ, டி, ஈ என்று நான்கு முனைகள், இதே வரிசையில். எஃப், டி இரண்டும் டைனமோவிலிருந்து வருகின்றன. ஏ, ஆம்பியர் மீட்டர் வழியாக பேட்டரிக்குப் போகிறது. ஈ என்பது எர்த், அதாவது பாடியோடு (வண்டியின் உலோக உடம்போடு) சேரும் இணைப்பு. வோல்ட்டேஜை அளக்கும் காயில் டி-க்கும் ஈ-க்கும் நடுவில்தான் இருக்கிறது. ஈ முனை பாடியைச் சரியாகத் தொடவில்லை என்றால் அந்தக் காயிலுக்கு வோல்ட்டேஜ் ஏறுவதே தெரியாது. டைனமோ அடக்க ஆளில்லாமல் முழு வேகத்தில் கரண்ட்டைத் தள்ளும். பல்ப் போகும், பேட்டரி கொதிக்கும். ரெகுலேட்டர் நன்றாக இருந்தாலும் இதெல்லாம் நடக்கும்.

பவுடர் கோட்டிங் தடிமனான பிளாஸ்டிக் தோல். கரண்ட் அதன் வழியே போகாது. பெயின்ட்டரும் ஒயரிங் ஆளும் வேறு வேறு கடைக்காரர்கள். எர்த் போல்ட்டுக்கு அடியில் சுரண்டிவிட வேண்டும் என்று இவர் அவருக்குச் சொல்வதில்லை. வண்டி பளபளவென்று வெளியே வருகிறது, அடுத்த மாதமே ரெகுலேட்டர் பழி சுமக்கிறது.

எனவே முதல் சோதனைக்குச் செலவே இல்லை. தடிமனான ஒயர்த் துண்டு ஒன்றை எடுத்து, ஒரு முனையை ரெகுலேட்டரின் ஈ முனையிலும் மறுமுனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் இறுக்குங்கள். மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து வண்டியை ஸ்டார்ட் செய்து மெதுவாக வேகம் கூட்டுங்கள். முன்பு 9 வோல்ட்டைத் தாண்டி ஓடிய மீட்டர் இப்போது ஏழு, ஏழரையில் நின்றுவிட்டால் நோய் தெரிந்துவிட்டது. ஈ முனையிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கும், அங்கிருந்து எஞ்சினுக்கும் தனி ஒயர் இழுத்து, போல்ட் உட்காரும் இடங்களில் வெள்ளை உலோகம் தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்தது.

அப்படியும் நிற்கவில்லை என்றால் அப்புறம் டைனமோவைப் பாருங்கள். டைனமோவில் வரும் இரண்டு ஒயர்களையும் கழற்றிவிட்டு, டைனமோவின் டி, எஃப் முனைகளை ஒரு சின்ன ஒயரால் இணையுங்கள். முள் வைத்த பழைய வோல்ட் மீட்டரை அந்த இணைப்புக்கும் பாடிக்கும் நடுவே வையுங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண் குதித்துக்கொண்டே இருக்கும். பி31-இல் மேக்னட்டோ தனியாக ஸ்பார்க் கொடுப்பதால் பேட்டரி இல்லாமலும் எஞ்சின் ஓடும். ஐடிலிங்கிலிருந்து கொஞ்சம் கூட்டினாலே வோல்ட் தடங்கலில்லாமல் 10 வரை ஏற வேண்டும். 10 வந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் ரேஸ் கொடுத்தால் ஆர்மேச்சர் (டைனமோவுக்குள் சுழலும் கம்பிச்சுருள்) கருகும். ஒன்றுமே வரவில்லை என்றால் கார்பன் பிரஷ். அரை வோல்ட் அளவில் நின்றால் ஃபீல்டு காயில். ஒன்றரை, இரண்டு வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். டைனமோவில் பழுது இருக்கும்போது ரெகுலேட்டருக்குச் செலவு செய்வது வீண்.

டைனமோ சரி, எர்த் சரி, இன்னமும் பேட்டரி கொதிக்கிறது என்றால்தான் ரெகுலேட்டர் குற்றவாளி. அதையும் உறுதி செய்துகொள்ளலாம். முதலில் எல்லா ஒயரையும் பழையபடி மாட்டுங்கள். பிறகு ரெகுலேட்டரின் ஏ முனை ஒயரை மட்டும் கழற்றி டேப் சுற்றுங்கள், அதில் பேட்டரி கரண்ட் இருக்கும். மீட்டரை டி-க்கும் ஈ-க்கும் வைத்து மெதுவாக வேகம் கூட்டுங்கள். நம் ஊர் வெயிலில், 30 டிகிரி வாக்கில், 7.5-இலிருந்து 8 வோல்ட்டுக்குள் முள் லேசாகத் துடித்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் ஏறினால் உள்ளே பாயின்ட் (தொட்டும் விலகியும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூடியைத் திறந்தால் பாயின்ட் முகம் நீலம் பாய்ந்து, குழி விழுந்திருப்பது கண்ணுக்கே தெரியும். மீட்டர் இல்லாமல் உள்ளே இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி “சார்ஜ் குறைச்சிட்டேன்” என்று சொல்லும் மெக்கானிக்கிடம் மட்டும் கொடுக்காதீர்கள். அந்த ஸ்க்ரூ கால் சுற்று திரும்பினாலே கணக்கு எங்கேயோ போய்விடும்.

இனி அந்த வியாபாரி.

600 ரூபாய் யோசனை உங்கள் டைனமோவைக் கொன்றுவிடும். இப்போதைய பைக்குகளில் இருப்பது ஆல்டர்னேட்டர். அதிலிருந்து வருவது ஏ.சி. அதை டி.சி. ஆக்கி, மிஞ்சியதை அடக்குவதுதான் அந்த ரெகுலேட்டரின் வேலை. உங்கள் டைனமோ தருவதே டி.சி. அதை அடக்க ஃபீல்டு காயிலைக் கட்டுப்படுத்த வேண்டும், புது ரெகுலேட்டரில் அதற்கான முனையே கிடையாது. என்ன செய்வார்கள் தெரியுமா? எஃப் ஒயரை டி-யோடு சேர்த்து முறுக்கிக் கட்டிவிடுவார்கள். அன்று மாலை சார்ஜ் பிரமாதமாக ஏறும், நீங்களும் காசு கொடுத்துவிடுவீர்கள். சில நாளில் ஆர்மேச்சர் கருகி, ரீவைண்டிங்குக்கு அதே ஆளிடம் போய் நிற்பீர்கள். இந்த முறுக்கிய ஒயரை நான் பார்க்காத ஊர் இல்லை. எத்தனையோ நல்ல டைனமோக்கள் இப்படித்தான் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கின்றன.

‘ஒரிஜினல் லூகாஸ்’ என்பதிலும் கவனம் வேண்டும். பெட்டியில் பெயர் அச்சடித்திருப்பதால் மட்டும் அது பழைய சரக்கு ஆகிவிடாது. போலியைக் கையில் எடுத்தால் தகரம் மாதிரி லேசாக இருக்கும். உள்ளே காயில் சுற்று ஒழுங்கில்லாமல், பாயின்ட்டுகள் ஒன்றுக்கொன்று கோணலாக உட்கார்ந்திருக்கும். உண்மையான பழைய சரக்காகவே இருந்தாலும் அறுபது எழுபது வருடம் அலமாரியில் கிடந்ததற்கு 14,000 கொடுக்க வேண்டாம். காசு கொடுப்பதற்கு முன் உங்கள் வண்டியில் மாட்டி வோல்ட் பார்க்க விடச் சொல்லுங்கள். விட மாட்டார்.

மாற்றியே ஆக வேண்டுமென்றால் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரைத்தான் நான் சொல்வேன். டைனமோ வண்டிகளுக்கென்றே இங்கிலாந்தில் செய்கிறார்கள். பழைய பெட்டிக்குள்ளேயே மறைத்து வைக்கும் அளவுக்குச் சின்னது, அதே எஃப், ஏ, டி, ஈ ஒயர்கள்தான். வெளியிலிருந்து பார்த்தால் வண்டி 1954-இல் இருந்த மாதிரியே இருக்கும். ஆனால் வரவழைப்பது பெரும் பாடு. உள்ளங்கை அளவுப் பொருளுக்கு சுங்கத்தில் ஒரு நாள் ஒரு காகிதம் கேட்கிறார்கள், மறுநாள் இன்னொன்று. வரி எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஆளில்லை. நேர்வழியில் வாங்குகிறவனை இப்படி அலைய விடுவதால்தான் ‘ஒரிஜினல் லூகாஸ்’ வியாபாரிகள் பிழைக்கிறார்கள்.

இதில் ஒரே ஒரு விஷயத்தை நிறுத்திப் படியுங்கள். எர்த் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரை வாங்காதீர்கள். இன்றைய வண்டிகளில் பேட்டரியின் நெகட்டிவ்தான் பாடி. லூகாஸ் போட்ட பைக்குகளிலும் நாற்பதுகளில் அப்படித்தான். ஐம்பதுகளின் தொடக்கத்தில் லூகாஸ் அதைத் திருப்பி, பாசிட்டிவை பாடி ஆக்கியது. உங்கள் 1954 வண்டி கம்பெனியிலிருந்து வந்தது பாசிட்டிவ் எர்த்தில். ஆனால் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இடையில் கை வைத்த எந்த மெக்கானிக்கும் பழக்க தோஷத்தில் நெகட்டிவை பாடியில் கொடுத்திருக்கலாம். பழைய ரெகுலேட்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் பொறுக்காது. பாசிட்டிவ், நெகட்டிவை மாற்றிக் கொடுத்த அந்த நொடியே போய்விடும், திருப்பியும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஆகவே வருடத்தை நம்பாதீர்கள், மெக்கானிக் சொல்வதையும் நம்பாதீர்கள். பேட்டரியிலிருந்து ஃப்ரேமுக்குப் போகும் ஒயரை விரலால் பிடித்துக்கொண்டே போய், அது எந்த முனையில் மாட்டியிருக்கிறது என்று நீங்களே பாருங்கள். பாசிட்டிவ் எர்த்துக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்கி, வண்டியையும் பாசிட்டிவ் எர்த்திலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவதற்கு முன், டைனமோவுக்கு அந்தத் திசையை நினைவுபடுத்த வேண்டும். டைனமோவின் டி, எஃப் ஒயர்களைக் கழற்றிவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவ் பாடியில் இருக்க, நெகட்டிவிலிருந்து ஒரு ஒயரை எஃப் முனையில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். சின்னப் பொறி வரும், பயப்பட வேண்டாம். புது ரெகுலேட்டர் இணைந்திருக்கும்போது இதைச் செய்யவே கூடாது.

12 வோல்ட் ஆசை வேண்டாம். எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் போட்டால் இதே டைனமோ 12 வோல்ட்டும் தரும் என்பது உண்மைதான். ஆனால் சார்ஜ் ஏறத் தொடங்கவே அதிக வேகம் வேண்டும். அவிநாசி சாலை நெரிசலில் உருட்டிக்கொண்டு போனால் பேட்டரி இறங்கத்தான் செய்யும். பல்ப், ஹாரன், பேட்டரி எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். 60 வாட் டைனமோவுக்கு 30 வாட் ஹெட்லைட் பாரமே இல்லை, எர்த் ஒழுங்காக இருந்தால்.

விண்டேஜ் நம்பர் விஷயத்திலும் ஏமாறாதீர்கள். 2021-இல் வந்த மத்திய அரசு விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டிகளைப் புதிதாகப் பதிவு செய்யும்போதுதான் ‘வி.ஏ.’ வரிசை எண், அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஏற்கெனவே பதிவான வண்டிக்குப் பழைய எண்ணே தொடரலாம். தாத்தாவின் மெட்ராஸ் எண் கையில் இருக்கும்போது இன்னொரு எண் எதற்கு? தரகர்கள் சொல்லாமல் விடுவது இன்னொன்றும் உண்டு. விண்டேஜ் என்று பதிவான வண்டியை தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு மாதிரி வேலைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். இந்த விதியைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் ஒட்ட ஏன் முடியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அதைச் செய்தால் பாதித் தரகர்கள் வேறு வேலை தேடுவார்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு மாலையில் ஹெட்லைட்டைப் போட்டு டாப் கியரில் நிதானமாக ஓட்டிப் பாருங்கள். ஆம்பியர் மீட்டர் முள் நடுவிலோ, சார்ஜ் பக்கம் கொஞ்சம் சாய்ந்தோ நிற்க வேண்டும். பகலில், பேட்டரி நிரம்பியிருக்கும்போது ஒன்றிரண்டு ஆம்பியர் காட்டினால் போதும். கூடவே ஒரு ஃப்யூஸும் போடச் சொல்லுங்கள். உங்கள் வண்டியில் கம்பெனி ஃப்யூஸே வைக்கவில்லை. 15 ஆம்பியர் போதும். அது பேட்டரியின் நெகட்டிவ் ஒயரில் வர வேண்டும், பாசிட்டிவில் அல்ல.